நூற்றைம்பதில் வேகாத கேக்

ஷைன் அப்பா,

நீங்கள் மாடியில் மீட்டிங்கில் இருப்பதால் எழுதி வைத்துவிட்டு டியூட்டிக்குப் போகிறேன். கிறிஸ்துமஸ் கேக் ஓவனில் இருக்கிறது. இப்போது நம் வீட்டுக்கு வந்திருக்கும் உங்கள் தங்கை ஃபெபி முன்பு இங்கிலாந்திலிருந்து அனுப்பிய அதே ரெசிபிதான். நம் கப்பை நம்பாமல் எல்லாவற்றையும் கிராம் கணக்கில் நிறுத்துப் போட்டேன். அதில் 150 டிகிரி என்றிருப்பது செல்சியஸ். நம் ஓவன் காட்டுவது ஃபாரன்ஹீட், அதனால் அதே சூட்டுக்கு 300 வைத்திருக்கிறேன். அவள் தூங்கி எழுந்து வந்து, "அண்ணே, கருகிரும்" என்றாலும் குறைக்காதீர்கள். மூன்று மணிக்குக் குச்சியால் குத்திப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம்.

போன வருஷம் 150 வைத்தது நீங்கள். விருந்தாளிகள் முன்னால் அவள், "மைனி, இது கேக்கா களியா?" என்று கேட்டபோது கூடச் சேர்ந்து சிரித்ததும் நீங்கள்தான். நான் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, செய்தது நான்தான் என்றேன். அதற்காக நேற்றும் அவளிடம், "அல்போன்சாவுக்கு அளவு வராது" என்பதா?

மீன் குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. சோறு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அல்போன்சா

இன்னொன்று: கேக் வெட்டுவதற்கு முன்னால் உண்மையை அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். நீங்கள் சங்கடப்படுவதைப் பார்த்தால், செய்தது நான்தான் என்று மறுபடியும் சொல்லிவிடுவேன்.