தேன்மொழிக்கு ஒரு கட்டில்

இன்று காலை டவுன் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணிடமிருந்து கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது, அக்கா. முழங்காலுக்கு நீங்கள் தேய்ப்பீர்களே, அதே வாசம். என் நிறுத்தம் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

எருமப்பட்டியில் தோட்டம் துரவு என்று வாழ்ந்தவர் நீங்கள். கணவர் போனபின் மகளைக் கூட்டிக்கொண்டு கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தீர்கள். தேன்மொழி அப்போதே வளர்ந்த பெண். ஆட்டிசம், பேச்சு வராது. என் மகன் ஜெரோமுக்கும் அதேதான். இருவரும் ஒரே பயிற்சி மையத்துக்குப் போனார்கள். குக்கர் விசிலுக்கே காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதும் தேன்மொழி, ஓடும்போது மட்டும் அமைதியாக இருப்பாள். அதற்காகவே அந்த வயதில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மலையடிவாரச் சாலையில் அவளோடு ஓடப் பழகினீர்கள். உங்களைப் பார்த்து நானும் வந்தேன்.

பெற்றோரை இழக்கும் பிள்ளைகள் தங்குவதற்கு ஒரு விடுதி கட்டலாம், அதற்கு நிதி திரட்ட மாரத்தான் ஓடலாம் என்று மையத்தில் பேச்சு வந்தபோது முதலில் கை தூக்கியவர் நீங்கள். ஆதரவு கேட்டுச் செவ்வாய்ப்பேட்டையில் கடைகடையாக ஏறி இறங்கினோம். ஒரு மண்டிக்காரர், "பைத்தியங்களுக்கா?" என்றார். நான் திரும்பி நடந்துவிட்டேன். நீங்கள் நின்றீர்கள்.

"பைத்தியம் இல்லைங்க. என்ற புள்ளை. பேச்சு வராது, அவ்வளவுதானுங்க. நான் போயிட்டா அவளுக்குச் சோறு போட ஒரு எடம் வேணும். அதுக்குத்தானுங்க ஓடறோம்."

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னீர்கள்: "அங்க அவளுக்குன்னு ஒரு கட்டிலப் போட்டுட்டா, நான் நிம்மதியாக் கண்ண மூடுவேன் சாமி."

மாரத்தானுக்குச் சில வாரங்கள் இருந்தன. ஜெரோமுக்குக் காய்ச்சல் என்பதால் அன்று நான் ஓட வரவில்லை. சாயங்காலம் ரசம் கொடுக்க வந்தபோது சமையலறையில் விழுந்து கிடந்தீர்கள். உடம்பு சில்லிட்டிருந்தது. மாரடைப்பு, காலையிலேயே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். பகல் முழுவதும் தேன்மொழி உங்கள் அருகிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். யாரையும் கூப்பிட அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் ஓடும்போது போடும் ஷூக்களை உங்கள் கால்களில் மாட்டியிருந்தாள். இடது வலது மாறியிருந்தது. கயிற்றைக் கட்டத் தெரியாமல் உள்ளே திணித்து வைத்திருந்தாள்.

மாரத்தானில் நான் ஓடினேன். பாதிக்குமேல் நடைதான். நான் வந்து சேர்ந்தபோது மைதானத்தில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விடுதியைக் கட்டிவிட்டோம், அக்கா. ஜன்னலோரக் கட்டிலைத் தேன்மொழிக்கென்று ஒதுக்கி வைத்தார்கள்.

உங்கள் காரியம் முடிந்த கையோடு அவளை எருமப்பட்டிக்குக் கூட்டிப்போயிருந்தார் உங்கள் அண்ணன். நேரில் போய்க் கேட்டேன். "சொத்து பத்து இருக்கற ஊட்டுப் புள்ளைய அனாதையாட்டம் கொண்டுபோய் உடுவமாங்க? ஊரு என்ன பேசும்?" என்றார்.

வேளைக்குச் சோறு போடுகிறார்கள். குளிக்க வைக்கிறார்கள். மற்ற நேரம் அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். "தொறந்து உட்டா ரோட்டுக்கு ஓடிப்போயிருதுங்க. லாரி போற ரோடு. நாங்க என்னங்க பண்றது?" அவர் சொல்வதிலும் பொய் இல்லை.

அந்தக் கட்டிலில் இப்போது திருச்செங்கோட்டுப் பெண் ஒருத்தி படுக்கிறாள். தாயும் தகப்பனும் இல்லாதவள். உங்களுக்கு அதில் வருத்தம் இருக்காது என்று தெரியும்.

முடிந்தபோதெல்லாம் எருமப்பட்டிக்குப் போகிறேன். பூட்டைத் திறந்துவிடுவார்கள். சோளக்காட்டு வரப்பில் இருவரும் ஓடுவோம். வெயில் தாழும்வரை சத்தமில்லாமல் என் பக்கத்திலேயே ஓடி வருவாள். திரும்பக் கொண்டுவந்து விடும்போதுதான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையை உருவிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. முதல் தடவை அழுதேன். நேற்று அழவில்லை. எந்த விரலை முதலில் பிரித்தால் சீக்கிரம் விடுவாள் என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது, அக்கா.