சல்லடைக்குக் கீழ விழுந்த வார்த்தை

அன்பு மகள் ஷஹானாவுக்கு அம்மா எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால இங்க நானும் அத்தாவும் சுகம், போடியில ரெண்டு மூணு நாளா சாரல், அங்க டப்ளின்ல நீ சுகமா இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்குறேன். போன்ல சொன்னா மீட்டிங் இருக்கும்மான்னு வச்சிருவ, அதான் பார்சல்ல ஏலக்காயோட இந்தக் காகிதத்தையும் வைக்கிறேன். அத்தாவுக்கு முட்டுவலி, ஆனாலும் ஏலக்காய்க் கடைக்குப் போகாம இருக்க மாட்டேங்குறாரு, சொன்னாக் கேக்குற ஆளா அவரு.

ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எதுக்கும்மா இந்த வம்புன்னு கேட்டல்ல, அந்த வம்பு எங்க வந்து நிக்குதுன்னு சொல்றேன். நீ எழுதிக் குடுத்த புரோகிராமை வச்சுத்தான் வியாழக்கிழமைதோறும் பதினொண்ணாம் வகுப்புப் பிள்ளைகளோட பழைய மலைப் பாட்டுகளை, அதான் குறிஞ்சித்திணைப் பாட்டுகளை, பிரிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன், எந்த வார்த்தை எத்தனை தடவை வருது, எதுகூட எது சேந்து வருதுன்னு. எங்க ஹெட்மாஸ்டர் ராஜாராம் சாருக்கு அது கண்ணுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. தமிழ்ப் பாடத்துக்குக் கம்ப்யூட்டர் ரூம் எதுக்கு டீச்சர், பரீட்சைக்கு உதவாத சோலி, பெத்தவங்க கூட்டத்துல காட்டுங்க, அவங்களுக்குப் பிடிக்கலன்னா சாவியைக் குடுத்துருங்கன்னுட்டாரு.

கூட்டத்துல மானம் போச்சு. பிள்ளைகள்ல பாதிப் பேரு வீட்டுல ஏலக்காய் சோலி, சல்லடையில சலிச்சு பெரிய காயை ஒதுக்குறதைப் பொறந்ததுல இருந்து பாத்ததுக. அந்தப் புத்தியிலயே, ஒரு தடவை ரெண்டு தடவை மட்டும் வர்ற வார்த்தையெல்லாம் பொடிக்காய்னு என்கிட்டக் கேக்காமலே தள்ளிட்டாங்க. மேல நின்னது மட்டும் திரையில வந்துச்சு, மலை, மழை, இரவு, அவன். எந்தப் பாட்டைப் போட்டாலும் அதேதான். என் வகுப்புல செழியன்னு ஒரு பையன், அவன் அப்பா எந்திரிச்சு, இதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு டீச்சர், ஜன்னலைத் திறந்தாலே மலையும் மழையும் தெரியுமேன்னாரு, கூட்டமே சிரிச்சுச்சு. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல. ராஜாராம் சார் சாவிக்குக் கையை நீட்டுனாரு, நான் அதை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, இன்னும் ஒரு வியாழக்கிழமை வேணும் சார், நீங்களே வந்து உக்காரணும்னுட்டேன். என்ன நினைச்சாரோ, தலையாட்டிட்டுப் போயிட்டாரு.

மறுநாள் பிள்ளைகளை நல்லா வஞ்சேன். உங்க வீட்டுல பொடிக்காயைக் குப்பையிலயா கொட்டுறீங்க, அதையும் விலைக்குத்தானே போடுறீங்கன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே புரோகிராமைத் திருப்பி எழுதுனாங்க, கீழ விழுந்தது மட்டும் திரையில வர்ற மாதிரி. வியாழக்கிழமை ராஜாராம் சார் கடைசி பெஞ்சுல கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. தினைக்காவல் பாட்டு ஒரு குவியல் இருக்கு, எல்லாத்துலயும் காவல் இருக்குற பொண்ணு மலையைப் பேசுறா, அவனைப் பேசுறா. ஒரே ஒருத்தி மட்டும் கால் மரத்துப்போச்சுங்குறா, அந்தப் பேச்சு வேற எந்தப் பாட்டுலயும் இல்ல, அதுதான் அன்னைக்குத் திரையில தனியா வந்து நின்னுச்சு. தேவாரம் ஊர்ல இருந்து பஸ் ஏறி வர்ற பொற்கொடி, ஆனை இறங்குற காலத்துல அப்பாகூடத் தோட்டத்துல வெடியோட முழிச்சிருக்குற பிள்ளை, மெதுவா எந்திரிச்சு, இவ ஒருத்திதான் நெசமாவே காவக் காத்திருக்கா டீச்சர்னு சொன்னா.

ராஜாராம் சார் முன்னாடி வந்து அந்தப் பாட்டை முழுசாப் போடச் சொல்லி நின்னுக்கிட்டே படிச்சாரு. போகும்போது, அரையாண்டு வரைக்கும் நடத்துங்க, அப்புறம் பாக்கலாம்னாரு. பாக்கட்டும், நானும் பாக்குறேன். ரிட்டயர் ஆகுற அன்னைக்கும் சாவியை அவர்கிட்டக் குடுக்க மாட்டேன், அடுத்து வர்ற தமிழ் டீச்சர் கையிலதான் குடுப்பேன்.

இனி உன் சங்கதிக்கு வர்றேன். அன்னையில இருந்து எனக்கு உன் நெனப்புதான். போன்ல நீ பேசுறதும் சாப்பிட்டேம்மா, நல்லாருக்கேம்மா, வேலை ஜாஸ்திம்மா, இதேதான் திரும்பத் திரும்ப. நோன்புப் பெருநாளன்னைக்கு மட்டும் ஒரே ஒரு தடவை, இங்க பேச ஒரு ஆளில்லம்மான்னு சொன்ன, சொல்லிட்டு சட்டுனு அத்தா முட்டுவலிக்குத் தாவிட்ட. அன்னைக்கு நானும் விட்டுட்டேன், இனிமே விடுறதா இல்ல. உனக்கு லீவு கிடைக்கலன்னா நான் வர்றேன், பாஸ்போர்ட்டுக்கு அத்தாகிட்ட சொல்லியாச்சு.

அல்லாஹ் உன் உடம்புக்குத் தெம்பையும் மனசுக்கு நிம்மதியையும் தரட்டும். வெறும் வயித்துல காப்பி குடிக்காத. ஞாயித்துக்கிழமை கூப்பிடு, நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லாத.

உன் அம்மா
ரஹ்மத்துன்னிசா