கறுப்புக் கரையில் ஒரு வெள்ளை இழை

மாடி அறை அக்காவுக்கு, கீழ்வீட்டிலிருந்து அன்போடு,

உன் பெயரை எழுதவில்லை. அமெரிக்காவில் உங்கள் நவஹோ பழங்குடி வீடுகளில் இறந்துபோனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்களாம். உன் மகள் சொன்னாள். எனக்கு அக்கா போதும்.

மத்தியானத்தில் இப்போதும் தலைக்கு மேல் தட், தட் என்று கேட்கிறது. உன் அம்மாவின் மரச்சீப்பால் நீ தறியில் கம்பளி இழையை அடித்து இறுக்குகிற சத்தம். அரைத்தூக்கத்தில் எழுந்து டீ போடுகிறேன், உனக்குப் பிடித்தபடி சர்க்கரை கம்மியாக. யாருக்குப் போடுகிறேன், சொல்?

போன வாரம் அது நிஜமாகவே கேட்டது. நீ கண்ணை மூடியபோது தறியில் விரிப்பு நாலு விரல் பாக்கி இருந்ததே, அதை முடிக்க அமெரிக்காவிலிருந்து உன் மகள் வந்திருந்தாள். அதே முதுகு, அதே தலைச்சாய்வு. ஜன்னலில் மலை மங்கலாக நின்றது. ஒரு நிமிஷம் நீதான் என்று நினைத்துவிட்டேன்.

இங்கே நீ முதல் விரிப்பை முடித்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கறுப்புக் கரைக்குக் குறுக்கே ஒரு வெள்ளை இழை ஓரம்வரை ஓடியிருந்தது. நூல் தப்பிவிட்டது என்று நான் கத்தரிக்கோலோடு வந்தேன். சிரித்து முடித்து, என்னிடம் கற்ற தமிழில் சொன்னாய்:

"வீடு கட்டினா வாசப்படி வெக்கறோமில்ல? நெய்யிறப்ப என் மனசு உள்ள போயிடுது. வெளிய வரணுமில்ல?"

போன வாரம் உன் மகள் அந்த இழை விடவேண்டிய இடத்தைத் தாண்டிக் கறுப்பையே நெய்துகொண்டு போனாள். வெள்ளை எங்கே என்று கேட்டேன். வேண்டாம், அம்மா இதற்குள்ளேயே இருக்கட்டும் என்றாள். முகத்தைத் திருப்பவில்லை.

சத்தியமாக, எனக்கும் அதுதான் ஆசை. உன்னை அனுப்ப யாருக்கு மனசு வரும்? வாயை மூடிக்கொண்டு இறங்கியிருப்பேன். ஆனால் உன் கட்டில் கண்ணில் பட்டது. மார்கழிக் குளிரிலும் கதவைத் திறந்துபோட்டுத்தான் படுப்பாய். குரங்கு வரும் என்று நான் கத்தியதை எங்கே காதில் வாங்கினாய்? இங்கிலீஷும் தமிழுமாக அவளிடம் சொன்னேன்:

"மூடின ரூம்ல உங்கம்மாக்குத் தூக்கமே வராதும்மா."

அழுதாள். நானும்தான். பிறகு நெய்ததைப் பிரித்து, வெள்ளை இழையை நடுவிலிருந்து ஓரம்வரை விட்டாள். சீப்பை என் கையில் கொடுத்தாள். அந்த இழையை அடித்து இறுக்கியது நான்தான் அக்கா.

நேற்று விரிப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மாடிக்கு வேறு ஆள் வரப்போகிறார்கள். நீ போ. நான் கூப்பிடமாட்டேன். ஆனால் டீ போடுகிற நேரத்தில் இனிமேல் கீழ்வீட்டுக் கதவைச் சாத்தமாட்டேன். குரங்கு வந்தால் வரட்டும்.

உன் கீழ்வீட்டுத் தங்கை,
செங்கம் ரோடு, திருவண்ணாமலை