திறந்துவிட்ட குழாய்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். இருமல் விட்டதா? நான் நலம். போனில் பேசினால் பாப்பா காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக விடுதிக் குளியலறைக் கதவைத் தட்டினேன். உள்ளே குழாய் வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கண் சிவந்து வெளியே வந்தாள்.

"கண்ல சோப்பு பட்டுடுச்சு, வார்டன் மேடம்."

"சோப்பு காஞ்சு கிடக்கு, கண்ணு மட்டும் எப்படிம்மா நனைஞ்சுது?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மேடம். நான் ஜாலியா இருக்கேன்னு நினைச்சிட்டிருக்காங்க."

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை.

ஆனால் அடுத்த வாரம் கல்லூரி விடுதிக்குப் போகப்போகும் நம் பாப்பா, அரை மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்கிறாள், தொட்டியே காலியாகிறது என்று அலுத்துக்கொண்டீர்களே! தண்ணீருக்காக அவளைத் திட்டாதீர்கள். "பயமா இருக்கா?" என்றும் கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வாள், என் பெண்ணாயிற்றே. பக்கத்தில் உட்காரவைத்து வெங்காயம் நறுக்கச் சொல்லுங்கள். அழுகை வந்தால் வெங்காயத்தின்மேல் பழி போகட்டும்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே நல்ல போர்வை இருக்கிறது. ஆனாலும் அனுப்புங்கள்.

மணி அடித்துவிட்டது, ஓட வேண்டும். இன்னும் யாரிடமும் சொல்லாத முடிவு ஒன்று: இந்த விடுதிக்கு வார்டனாக வந்த புதிதில் நானும் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் பாப்பாவிடம் சொல்லப்போகிறேன். உங்களுக்கும் இது தெரியாது. அப்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

பாப்பாவின் அம்மா