வார்னிஷ் அடித்த முக்காலி

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் வியாழக்கிழமை "சரிம்மா" என்று ஒற்றை வார்த்தையில் போனை வைத்தாயே, அதற்குப் பிறகு உன் குரலைக் கேட்டால்தான் இங்கே யாருக்கும் சுகம். எத்தனை தரம் கூப்பிட்டும் நீ எடுக்கவில்லை. கோபமா, வேலையா, உடம்புக்கு ஏதாவதா என்று நானே மாற்றி மாற்றி நினைத்து இரண்டு நாளாக அடுப்பில் பாலைப் பொங்க விடுகிறேன்.

நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். புதுக் கம்பெனியில் வேலை தருவதற்கு முன் பழைய மரச்சாமான் ஒன்றைக் கம்ப்யூட்டரில் அச்சு அசலாக வரைந்து காட்டச் சொன்னார்கள், முதலில் வரைந்தது பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள், அதனால் நம் வாசலில் செருப்பு மாட்ட உட்காரும் முக்காலியை நாலா பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாய். அது அப்பா காதிலும் விழுந்தது. மறுநாள் நான் வேலை முடிந்து வருவதற்குள் அந்த மனுஷன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரிசலையெல்லாம் அடைத்து, வார்னிஷ் அடித்து, புது மாப்பிள்ளை மாதிரி நிறுத்தி வைத்திருந்தார். நானும் மண்டூகம், அழகாகத்தானே இருக்கிறது என்று அப்படியே எடுத்து அனுப்பிவிட்டேன். புள்ளி வைத்து, கோட்டை வளைத்து, ஒவ்வொரு விரிசலையும் ஒவ்வொரு துருவையும் அடுக்கடுக்காக வரைய வேண்டும், அந்த அழுக்குதான் படத்துக்கு உயிர் என்று வியாழக்கிழமை நீ போனில் சொன்னபோதுதான் எனக்கு நாங்கள் செய்த தப்பு புரிந்தது. திங்கட்கிழமை படத்தைக் கொடுக்க வேண்டும், இதை நம்பித்தான் இருந்த வேலையையும் விட்டாய், அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

அப்பாவைத் திட்டாதே, நான் திட்டியதே போதும். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டதற்கு, "என் பொண்ணு வேலை பார்க்கப் போற இடத்துல நம்ம வீட்டு முக்காலியைப் பார்த்து எவனும் சிரிக்கக் கூடாது" என்றார். விஷயம் புரிந்ததும் ஆள் ஒடிந்து போய்விட்டார். பழையபடி ஆக்குகிறேன் என்று சாவிக்கொத்தால் தட்டியும் டீத்தண்ணீரால் துடைத்தும் பார்த்தார், அசையவில்லை, நல்ல வார்னிஷ் போலிருக்கிறது.

இன்று வீடு கூட்டும்போது அதைக் கவிழ்த்துப் போட்டேன். அடிப்பக்கத்தை அவர் தொடவே இல்லை! மரத்தின் ரேகை, கால் சேருமிடத்துப் பிளவு, துருப்பிடித்த ஆணிகள், சின்ன வயதில் எனக்குத் தெரியாமல் நீ ஒட்டிவைத்த சூயிங்கம்கூடக் கல்லாகி அப்படியே இருக்கிறது. ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்து இந்த மெயிலோடு அனுப்பியிருக்கிறேன். முக்காலியைக் கவிழ்த்தே வரையக் கூடாதா? எனக்கென்ன தெரியும், உனக்குத் தெரியாததா. நிமிர்த்தி வரைவதானால், அப்பா தேய்ப்பதற்கு முன் மேல்பலகையில் விளிம்போரம் சூடான பாத்திரம் வைத்த கறுப்பு வட்டம் இருந்தது, அதை மறந்துவிடாதே.

திரையையே வெறித்துக்கொண்டிருக்காமல் கண்ணுக்கும் மணிக்கட்டுக்கும் ஓய்வு கொடு, நேரத்துக்குச் சாப்பிடு. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. போனை மட்டும் எடு. என்னோடு பேசாவிட்டாலும் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசு. இனி தன்னால் ஏதாவது மாறினாலும் உன் படம் கெட்டுவிடும் என்று அவர் அந்த முக்காலியில் உட்காருவதில்லை. முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்துதான் ஷூ மாட்டுகிறார், எழுந்திருக்க நான் கை கொடுக்கிறேன்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அம்மா