றோசம்மா சொன்ன சாட்டுகள்

மார்ச் 3, திங்கள்
டிலுசா இடுப்பில் குழந்தையோடு திரும்பவும் தலையிடி என்று வந்தாள். போன முறை முதுகடியில் நாரி நோ, அதற்கு முன் வயிற்றெரிவு. சோதித்தால் ஒன்றுமில்லை. எதைக் கேட்டாலும் கூட வரும் மாமியார் றோசம்மாதான் பதில் சொல்கிறார். டிலுசா நிலத்தைப் பார்த்தபடி இருக்கிறாள். தலையிடிக்குக் குளிசை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மனம் கேட்கவில்லை.

மார்ச் 12, புதன்
இன்று டிலுசாவின் மேல்கையில் விரல்கள் பதிந்த நீலம். "கடலுக்கு வள்ளம் தள்ளேக்க அடிபட்டது, டொக்டர்," என்றார் றோசம்மா. வள்ளத்துக்கு விரல் இருக்கிறதா?
அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.
"வீட்டில உங்களுக்கு ஆரும் அடிக்கினமோ?"
"இல்லை, டொக்டர்." கண் நிறைந்துவிட்டது.
"இப்ப சொல்லாட்டிலும் பரவாயில்லை. எப்ப வேணுமெண்டாலும் வாங்கோ."
மாமியாருக்குப் பயந்துதான் வாய் திறக்கவில்லை. அந்த மனுசியில் எனக்கு அப்படியொரு ஆத்திரம்.

மார்ச் 13
நான் கேட்டதே பிழையோ? வீட்டுக்குப் போய் அதற்கும் அடி வாங்கியிருப்பாளோ?

மார்ச் 24, திங்கள்
உதடு கிழிந்து வந்தாள். வெளியே இருக்கும்படி நான் சொல்லுமுன்பே றோசம்மா எழுந்தார்.
"பிள்ளை, அண்டைக்குக் கேட்டதைத் திருப்பிக் கேளுங்கோ. இண்டைக்குச் சொல்லுவாள். இவளின்ர புருசன் நிறோஜன் நான் பெத்தவன். என்ர வாயால எப்பிடிச் சொல்லுறது? அதுதான் இல்லாத வருத்தமெல்லாம் ஒவ்வொரு சாட்டாச் சொல்லி இவளை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனான்."
ஐயோ, இந்த மனுசியையோ நான் அப்பிடி நினைச்சனான்!
டிலுசா சொன்னாள். குடித்தாலும் அடி, குடிக்காவிட்டாலும் அடி. முந்தநாள் கழுத்தை நெரித்திருக்கிறான். வீட்டுக்குப் போகப் பயமா என்றேன். "ஓம்." குழந்தையோடு வார்டிலேயே மறித்து வைத்தேன். நாளை பெரியாஸ்பத்திரியில் பெண்களுக்கான ஆலோசனைப் பிரிவுக்கு அனுப்ப ஒழுங்கு செய்தாயிற்று.

ஜூன் 10, செவ்வாய்
றோசம்மா பிரஷர் பார்க்கத் தனியே வந்தார். டிலுசாவின் பக்கம் போகக்கூடாதென்று நிறோஜனுக்கு நீதிமன்றக் கட்டளை. அவளும் குழந்தையும் அவளின் தமக்கை வீட்டில். றோசம்மாவும் அங்கேதான்.
"மகனை விட்டிட்டு மருமோளோட போயிட்டா எண்டு கோயிலடியில கதைக்கினம். கதைக்கட்டும். அவள் இப்ப நிம்மதியா நித்திரை கொள்ளுறாள்."
மருந்து எழுதிக் கொடுத்தேன். எழுந்தவரிடம் ஏனோ கேட்டேன்: "அம்மா, உங்கட மனுசன் உயிரோட இருக்கேக்க, உங்களுக்கும்…?"
 மெதுவாகத் திரும்பிக் கதிரையில் இருந்தார்.
"அந்தக் கதையைக் கேக்க உங்களுக்கு நேரமிருக்கோ, பிள்ளை?"
வெளியே வரிசை முற்றம்வரை நின்றது.
"இருக்கு, அம்மா," என்றேன்.