சுவரில் போட்ட மாலை

த்ரீ கிங்ஸ், ஒக்லாந்து
16.6.1996

என் அன்புத் தம்பி பார்த்தீபனுக்கு,

உன் கடிதமும் நீ ஏணியில் நிற்கிற போட்டோவும் வந்து சேர்ந்தன. கிழமை நாளில் தொழிற்சாலை, சனி ஞாயிறு சுவர். நல்ல சீவியம்தான் போ! அந்த வெயிலுக்குத் தலையில் ஒரு தொப்பி போட்டால் என்ன குறைந்துவிடும்?

சித்திரக்கதைப் புத்தகம் மாதிரிச் சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, தடித்த கறுப்புக் கோட்டில் ஆட்களைக் கீறுகிறோம் என்று எழுதியது எனக்கு முதலில் விளங்கவில்லை. சிவானிதான் இழுத்துக்கொண்டு போய், இங்கே டெயரி என்கிற எங்கள் மூலைக்கடையின் சுவரைக் காட்டினாள். பசிபிக் தீவுப் பெடியன்கள் அதில் ஒரு பெரிய மீனும் சில முகங்களும் ஸ்பிரே பண்ணியிருக்கிறார்கள். "மாமாவும் இப்படித்தான் செய்கிறார்" என்றாள், இங்கிலிசில்தான். பத்து வயதாகிறது, தமிழில் ஒரு பதில் வராது.

ஸ்காபரோவில் உங்கள் தமிழ்க்கடைச் சுவரில் வீட்டுக்கு ஒரு முகம் வரப்போகிறது, அத்தானின் படம் தாருங்கள் என்று கேட்டிருந்தாய். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. இங்கே வர விசாவுக்கென்று எடுத்து 93இல் அனுப்பினாரே, அதுதான். ஊரிலிருந்து படகில் கடல்நீரேரி கடந்து கொழும்புக்குப் போகிறேன் என்று வெளிக்கிட்டவரை அதன் பிறகு ஒருவரும் காணவில்லை. அதைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் சுவர் வடிவாக இருக்கவேண்டும் என்று அனுப்பவில்லை, தம்பி. ஊர்ச்சனம் அங்கேதான் வந்து இறங்குகிறது. அவரைக் கண்ட ஒருவர் அந்த வழியால் போகமாட்டாரா?

உன் அக்கா,
ரதிதேவி


ரொறன்ரோ
14.7.1996

பாசமுள்ள அக்காவுக்கு,

அத்தான் சுவரில் ஏறிவிட்டார்! படத்துக்குச் சின்னக் கட்டம் போட்டு, சுவருக்குப் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக் கீறினேன். மூக்கு மட்டும் என்னை அழவைத்துவிட்டது. கடைசியில் அவரே வந்து வாத்தியார் மிடுக்கோடு "கணக்குச் செய்தனியோ?" என்று கேட்பதுபோல நின்றார். நான் ஏணியை விட்டு இறங்கிவிட்டேன்.

தொழிற்சாலையில் ஓவர்டைம். இந்த மாதம் முழுக்க என்னால் அந்தப் பக்கம் போக முடியாது. எங்கள் குழுவை நடத்துகிற மேரியனும் மற்றவர்களும் நிறம் தீட்டுவார்கள். வெள்ளைக்காரி என்றாலும் எங்கள் சனத்தில் நல்ல பாசமும் வாரப்பாடும். முடிந்ததும் தானே படம் எடுத்து உங்களுக்குத் தபாலில் போடப்போகிறாவாம். உங்களுக்கு ஒரு ஆச்சரியம் இருக்கிறது என்று சிரிக்கிறா. என்னவென்று எனக்கும் சொல்கிறா இல்லை.

சிவானிக்கு மாமாவின் முத்தம்.

பார்த்தீபன்


ஒக்லாந்து
4.8.1996

பார்த்தீபன்,

மேரியன் அனுப்பிய ஆச்சரியம் கிடைத்தது.

பிளாக்ஹவுஸ் பே பக்கமிருந்து எங்கள் ஊர்க் கௌரியக்கா வந்திருந்தா. அவவுக்கும் காட்டலாம் என்ற ஆசையில் அவ முன்னாலேயே உறையைப் பிரித்தேன். அத்தானின் கழுத்தில் மாலை! செவ்வந்தி மாலை! கௌரியக்கா படத்தைப் பார்த்தா, பிறகு என் நெற்றிப் பொட்டைப் பார்த்தா. "எப்ப ரதி? எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே" என்று கேட்டா. அந்தக் கேள்வியை நான் எப்படித் தாங்குவது?

வெள்ளைக்காரிக்குத் தெரியாது, சரி. உனக்கும் தெரியாதா? உயிரோடு இருக்கிற மனுசனின் படத்துக்கு மாலை போடலாமோ? தேடித் தா என்று நான் அனுப்பினால், நீங்கள் செத்தவீடு கொண்டாடுகிறீர்கள். ஊர்ச்சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு போகிறது. இனி ஆர் அவரைத் தேடப்போகினம்?

அதை உடனே அழி. அழிக்கும்வரை எனக்குக் கடிதம் போடாதே.

ரதிதேவி


ரொறன்ரோ
18.8.1996

அக்கா,

கோபித்தாலும் பரவாயில்லை, எழுதத்தான் வேண்டும். உங்கள் கடிதம் கண்ட அன்றே ஓடிப்போய்ப் பார்த்தேன். அதுவரை சத்தியமாக எனக்குத் தெரியாது.

கடைக்காரர் கல்லாவுக்கு மேலே தன் தகப்பனின் படத்தை மாலை போட்டு வைத்திருக்கிறார். மேரியன் கேட்க, "எங்கட வீட்டுக்குப் பெரியவர்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுப் பெரியவருக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்து அத்தானுக்கும் போட்டுவிட்டா. விசயத்தைச் சொன்னதும் ஏணியடியில் இருந்து அழுதா.

பெயின்ற், கழுவிப் போகாது. மேலால் இரண்டு பூச்சு வெள்ளை அடித்து மறைக்கிறேன். ஆனால் விசாப் படம் கழுத்தோடு முடிகிறதே. கீழே என்ன கீறட்டும், அக்கா? அத்தான் எப்படி உடுப்பார்?

பார்த்தீபன்


ஒக்லாந்து
1.9.1996

தம்பி,

அவசரத்தில் கொட்டிவிட்டேன். மேரியனைத் தேற்று.

வெள்ளைச் சேட்டுத்தான் கீறு. இடது பக்கத்துப் பையில் இரண்டு பேனை, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. பள்ளிக்கூடம் இல்லாத நாளிலும் அவை இல்லாமல் வெளிக்கிடமாட்டார். சிவப்புப் பேனை எப்போதும் ஒழுகும். பையில் கறை பிடிக்கும். தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரல்தான் வெந்தது. "வாத்தியாருக்கு மூடி போடத் தெரியாதோ?" என்று பேசுவேன். சிரித்துக்கொண்டு நிற்பார்.

அந்தக் கறையையும் கீறு. அவரைத் தெரிந்தவர்கள் அதைக் கண்டால் நிற்பார்கள்.

அக்கா


ரொறன்ரோ
15.9.1996

என் அக்கா,

இதைத் தனியே இருந்து வாசிக்க வேண்டாம். கௌரியக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரெலிபோனை இரண்டு தரம் எடுத்து, நம்பரை அழுத்த முன்னமே வைத்துவிட்டேன்.

போன சனிக்கிழமை அந்தப் பூமாலையை முழுக்க மறைத்துவிட்டேன். வெள்ளைச் சேட்டு மட்டும்தான் இருந்தது, பேனை இன்னும் கீறவில்லை. உங்கள் கடிதம் என் பையில் இருந்தது. அதை வேறு ஒருவருக்கும் காட்டவில்லை. அப்போது பஸ்ஸுக்குப் போகிற வயதான ஒருவர் நின்றார். குமாரசாமி என்று பெயர், பேக்கரியில் வேலை.

"தம்பி, ஏன் மாலையை அழிச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"அவர் காணாமல் போனவர், ஐயா. செத்தவர் இல்லை."

மனுசன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "ஐயோ, அப்ப உங்களுக்குத் தெரியாதோ? மாலையைக் கண்டு, வீட்டாக்களுக்குத் தெரிஞ்சிருக்கு எண்டெல்லோ பேசாமல் போனனான். தியாகலிங்கம் வாத்தியார். ஒரே படகிலைதான் வந்தனாங்கள்."

நேவிக்காரரின் வெடிச்சத்தம் கேட்டுச் சனம் ஒரு பக்கம் சாய, படகு கவிழ்ந்ததாம். 93இல், ஆடி அமாவாசைக்கு முதல் நாள். அத்தான் ஒரு பிள்ளையைத் தூக்கி இவர் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் தாண்டுபோனாராம்.

நான் நம்பவில்லை, அக்கா. வேறு ஆளாக இருக்கும் என்று சண்டை பிடித்தேன். அப்போது சொன்னார்: "விடிய உடம்பு கரையொதுங்கேக்கை பையிலை ரெண்டு பேனை இருந்தது. நெஞ்சிலை சிவப்பைக் கண்டு வெடி பட்டிட்டுது எண்டு நினைச்சம். பிறகுதான் பார்த்தால், பேனை மை."

உங்கள் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

எரிக்க வழியில்லாமல் இவரும் வேறு இரண்டு பேரும் கரையிலேயே தாட்டார்களாம். "போட ஒரு பூவும் கிடைக்கேல்லை, தம்பி. அதுதான் என்ரை மனதை அரிச்சுக்கொண்டிருந்தது. இந்தச் சுவரிலை மாலையைக் கண்ட நாள் தொடக்கம் கும்பிட்டிட்டுத்தான் பஸ் ஏறினனான்."

பிள்ளை தப்பிவிட்டதாம். நான் இன்னும் பேனை கீறவில்லை. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி


ஒக்லாந்து
6.10.1996

என் தம்பிக்கு,

கௌரியக்கா என்னோடுதான் தங்கியிருக்கிறா. ஐயரைக் கேட்டுச் செய்யவேண்டியதைச் செய்தோம். மூன்று வருசம் திதி தெரியாமல் மனுசனைப் பட்டினி போட்டுவிட்டேனே என்று கத்தி அழுதேன். சிவானி பக்கத்தில் வந்து இருந்தாள். "அப்பா காப்பாத்தின பிள்ளைக்கு என்ன பேர், அம்மா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். குமாரசாமி ஐயாவுக்குத் தெரிந்தால் கேட்டு எழுது.

போன திங்கள் பொட்டு வைக்காமல் வேலைக்குப் போனேன். மங்கரேயில் விமானச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் எத்தனை பெண்கள்! எல்லோரும் வழமைபோல "குட் மோர்னிங், ரதி" என்றார்கள். என் நெற்றியில் என்ன இல்லை என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை, தம்பி.

மேரியனுக்குச் சொல்லு, அவ போட்ட மாலையில் பிழை இல்லை. அது இல்லாவிட்டால் ஐயாவும் நின்றிருக்கமாட்டார், நானும் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

பேனை இரண்டையும் கீறு. கறையையும் கீறு. பிறகு மாலையைத் திரும்பப் போடு, பேனையை மறைக்காமல் கொஞ்சம் விலத்தி. குளிர் வந்தால் பெயின்ற் காயாது என்று முன்பொருமுறை எழுதினாய், ஆனபடியால் சுணங்காதே.

ஆனால் முதல் பூவை நீ கீறாதே. குமாரசாமி ஐயாவின் கையில் தூரிகையைக் கொடு. கீறத் தெரியாது என்பார். எப்படி வந்தாலும் பரவாயில்லை, அன்றைக்குக் கிடைக்காத பூவை இன்றைக்குப் போடட்டும் என்று அக்கா சொன்னதாகச் சொல்லு.

அக்கா
ரதிதேவி தியாகலிங்கம்